கோடு கிழித்த வீடு

வீட்டுக்கு வீடு வாசற்படி என்பது நம் முன்னோர் சொல்லிவைத்த மொழி. படியில்லாத வீடு இல்லை. அந்தப் படியில் ஒரு முறையேனும் இடறாத காலும் இல்லை. கிறிஸ்து பிறப்பு விழாவை அடுத்த ஞாயிறன்று, திருக்குடும்ப விழாத் திருப்பலியில், நாசரேத்து இல்லத்தின் அமைதியைப் பற்றி மறையுரை கேட்கிறோம். வீடு திரும்பினால் அங்கும் ஓர் அமைதி நிலவுகிறது: மாமியாரும் மருமகளும் மூன்று நாளாய்ப் பேசிக்கொள்ளாத அமைதி. இரண்டும் அமைதிதான். அவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கும் தொலைவில்தான் நம்மில் பெரும்பாலோர் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

இந்தத் தொலைவைப் பார்த்து நம் மேடையும் திரையும் ஏராளமாய்ச் சிரித்திருக்கின்றன. அந்தச் சிரிப்பு யாரோடு சேர்ந்து சிரித்தது, யாரைப் பார்த்துச் சிரித்தது என்று நின்று கேட்பவர் குறைவு. சென்ற திருக்குடும்ப விழா நாளின் மாலையில், அருப்புக்கோட்டையில் உறவினர் வீடொன்றில், மூன்று தலைமுறையினர் சூழ அமர்ந்து ‘சம்சாரம் அது மின்சாரம்’ என்னும் படத்தை மீண்டும் ஒரு முறை பார்க்க நேர்ந்தது. பலமுறை பார்த்த படந்தான். ஆயினும் அன்று ஓரிடத்தில் எல்லாரும் சிரித்தபோது ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ஏன் சிரிக்கவில்லை என்ற எண்ணமே இக்கட்டுரைக்கு வித்து.

சம்பளக் கணக்கும் சுண்ணாம்புக் கோடும்

ஏ.வி.எம். நிறுவனம் தயாரிக்க, விசு எழுதி இயக்கித் தந்தையாகவும் நடித்த இப்படம் 1986-இல் வெளிவந்தது. நல்ல பொழுதுபோக்குக்கான தேசிய விருதைத் தமிழுக்கு முதன்முதலாகப் பெற்றுத் தந்தது. தெலுங்கு, கன்னடம், மலையாளம், இந்தி என நான்கு மொழிகளில் மறுபிறவி எடுத்தது. ஒரு சாதாரண எழுத்தர் குடும்பத்தின் கதை நான்கு மொழி பேசுவோருக்கும் தம் வீட்டுக் கதையாகத் தோன்றியிருக்கிறது என்றால், அதில் நாடகத்தனத்தை மீறிய உண்மை ஏதோ இருக்கத்தான் வேண்டும்.

கதையை நினைவூட்டிக்கொள்வோம். அம்மையப்ப முதலியார் ஒருவர் சம்பளத்தில் குடும்பத்தை ஆளாக்கியவர். மூத்த மகன் சிதம்பரம் நன்றாகச் சம்பாதிப்பவன். அதனினும் நன்றாகக் கணக்குப் பார்ப்பவன். அவன் மனைவி உமா. இரண்டாம் மகனுக்கு வந்த மனைவி, தேர்வில் தோற்றுக்கொண்டே இருக்கும் கடைசி மைத்துனனுக்குப் பாடஞ்சொல்லிக் கொடுக்கிறாள்; சிறிய வீட்டில் புதுமணத் தம்பதிக்குப் பேசக்கூடப் பொழுதும் இடமும் கிடைப்பதில்லை. மகள் சரோஜினி, தந்தை பார்த்த வரனை மறுத்துப் பீட்டர் என்னும் கிறிஸ்தவ இளைஞனை மணக்கிறாள். இவர்களோடு, உறவு எதுவும் இல்லாதிருந்தும் எல்லா உறவுகளையும் ஒட்டவைக்க ஓடித்திரியும் வேலைக்காரி கண்ணம்மா.

மனைவி பேறுகாலத்துக்குத் தாய்வீடு சென்றதும், ஒரு வாய் குறைந்தது என்று மூத்த மகன் வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தைக் குறைக்கிறான். பூசல் அங்கே வெடிக்கிறது. முடிவில் தந்தை வீட்டின் நடுவே ஒரு கோடு கிழிக்கிறார். இந்தப் பக்கத்தார் அந்தப் பக்கம் போகலாகாது. ஒரே கூரை, ஆனால் இரண்டு வீடு.

விசுவின் படத்தில் காட்சி நுட்பம் தேடுவார்க்கு ஏமாற்றமே மிஞ்சும். நாடக மேடையிலிருந்து வந்தவர் அவர். ஆட்கள் வரிசையாய் நின்று பேசுகிறார்கள். பேசியதையே திருப்பிப் பேசுகிறார்கள். ஆனால் அந்தக் கோடு பேசுவதில்லை. படம் முழுவதும் சொற்களை இறைத்த ஆசிரியர், தம் கருத்தின் உச்சியை ஒரு சுண்ணாம்புக் கோட்டிடம் ஒப்படைத்துவிட்டார். கூடி வாழ்ந்தால் கோடி நன்மை என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைகள், கூடி வாழ்ந்ததன் பயனாகக் கண்டது கோடு. இந்த முரண்தான் படத்தின் மெய்யான நகைச்சுவை. மெய்யான துயரமும் அதுவே.

இதனை விளங்கிக்கொள்ள, இதற்கு முன்னோடி ஒன்றை எண்ணிப் பார்ப்பது நலம். கே. பாலசந்தரின் ‘பாமா விஜயம்’ 1967-இல் வந்தது. அங்கும் கூட்டுக் குடும்பம். மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள். பக்கத்து வீட்டுக்கு ஒரு நடிகை குடிவர, அவள் கண்முன் பெருமை காட்டும் ஆசையில் தவணைக்குப் பொருள் வாங்கிக் குடும்பம் கடனில் மூழ்குகிறது. தந்தையே ஒரு சூழ்ச்சி செய்து எல்லாரையும் நல்வழிப்படுத்துகிறார். இறுதிச் சொல் தந்தையுடையது; குடும்பம் ஒரே கூரையின் கீழ் நிலைக்கிறது. பத்தொன்பது ஆண்டுகள் கழித்து விசுவின் படத்திலோ, தந்தையின் சூழ்ச்சிக்குப் பயன் இல்லை. அவர் கையில் இருப்பது கோடு கிழிக்கும் சினம் ஒன்றே. அறிவோடு செயற்பட்டுப் பிரிந்தவரைச் சேர்ப்பவள் மூத்த மருமகள். சேர்த்து முடித்தபின் அவளே, நாங்கள் தனி வீட்டில் இருந்துகொண்டு, விடுமுறை நாளில் அன்போடு வந்து போகிறோம் என்று விடைபெறுகிறாள். முன்னது, பேராசையைத் துறந்தால் கூட்டுக் குடும்பம் பிழைக்கும் என்றது. பின்னது, அன்பு பிழைக்க வேண்டுமானால் சில வேளை கூட்டுக் குடும்பத்தையே துறக்க வேண்டும் என்றது. வெள்ளித்திரையில் 1986-இல் இதைச் சொல்லத் துணிவு வேண்டும். மக்கள் ஏற்றுக்கொண்டதைக் காணும்போது, அவர்கள் அதனை ஏற்கெனவே அறிந்திருந்தார்கள் என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

பாவு நீட்டும் தெரு

நம் வறண்ட நாட்டில் இக்கோட்டை நாம் அறியாதவர்கள் அல்லர். அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களில் முன்பு அண்ணன் தம்பி பாகம் பிரியும்போது பெருஞ்சிக்கல் ஒன்று எழும். பாத்திரத்தைப் பங்கிடலாம், சுவர் எழுப்பலாம், குழித்தறியை எப்படிப் பங்கிடுவது? தறிக்குழி தரையில் தோண்டப்பட்டது. பெயர்த்து எடுத்துச் செல்ல இயலாது. அண்ணன் பங்குக்கு வந்த கூடத்தில் தம்பியின் தறி நின்றது. பேச்சுவார்த்தை இல்லாத தம்பி, நாள்தோறும் அண்ணன் வீட்டுக்குள் வந்து அமர்ந்து நெய்துவிட்டுப் போவான். ஓரகத்திகள் இருவரும் தார் சுற்றிக்கொண்டே, ஒருவரோடொருவர் பேசாமல், முற்றத்தில் மேயும் கோழியோடு பேசுவார்கள். ‘உனக்கென்ன, இரைபோட ஆளிருக்கு’ என்று ஒருத்தி கோழியைப் பார்த்துச் சொன்னால், மற்றவள் ஆட்டுக்குட்டியைப் பார்த்து மறுமொழி சொல்வாள். கோழிக்கும் ஆட்டுக்குட்டிக்கும் இடையில் அத்தனை நீண்ட பகை வேறெங்கும் இருந்திராது.

ஆனால் பாவுக்குக் கஞ்சி போடும் நாள் வரும். தெருவின் நீளத்துக்குப் பாவை நீட்டிக் கட்டிக் கஞ்சி தோய்த்து, இழை ஒட்டாமல் நீவிக் காயவைக்க வேண்டும். ஒருவரால் ஆகாத வேலை; வெயில் ஏறுமுன் முடிய வேண்டிய வேலை. அன்று விடியலில் பேசாத அண்ணனும் பேசாத தம்பியும் பாவின் இரு தலைப்பிலும் நிற்பார்கள். தளர்த்து, இழு என்ற சொற்களாவது பேசியாக வேண்டும். பல குடும்பங்களின் பகை அந்த இரண்டு சொல்லில்தான் முதலில் இளகியது.

இன்று விசைத்தறி வந்துவிட்டது. பாவு நீட்டிய தெருவில் இருசக்கர வண்டிகள் நிற்கின்றன. கரிசல் சிற்றூர்களில் வானம் பார்த்த நிலத்தை நம்பியிராமல் மகன் திருப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போகிறான். மகள் நூற்பாலை வண்டியில் ஏறுகிறாள். பேரப்பிள்ளைகளைப் பாட்டி வளர்க்கிறாள். தந்தை வீட்டுக்கு வருவது கைப்பேசித் திரையில், கண்டிப்பதும் அதிலேயே. மகன் தவறு செய்தால் பாட்டி, ‘அப்பாவைக் கூப்பிடட்டுமா’ என்று கைப்பேசியை எடுக்கிறாள். அவன் அதற்கு முன்பே அதன் இணைப்பைத் துண்டிக்கக் கற்றுக்கொண்டுவிட்டான். சிரிப்புக்குக் குறைவில்லை. ஆனால் தளர்த்து, இழு என்று சொல்லவேனும் மனிதரை ஒன்றுசேர்த்த அந்தப் பாவு இப்போது எது? தேவை சேர்த்துவைத்த குடும்பத்தை இனி விருப்பமே சேர்த்துவைத்தாக வேண்டும். விசுவின் படத்தில் உமா கண்ட உண்மை இதுதான்.

சிரிக்காத ஒருவர்

இனி, அன்று சிரிக்காதவரிடம் வருவோம். பீட்டரின் தந்தை ஆல்பர்ட் பெர்னாண்டஸைக் கண்ணம்மா எதிர்கொள்ளும் காட்சி தமிழ் நாட்டில் புகழ் பெற்றது. மனோரமாவின் நாவுக்கு முன்னால் அப்பெரியவர் திணறித் திக்குமுக்காடுவதைக் கண்டு சிரிக்காதவர் அரிது. எங்கள் கூட்டத்திலும் சிரிப்பு வெடித்தது. சிரிக்காமல் இருந்தவர், ஓர் இந்து இளைஞனை மணந்துகொண்ட எங்கள் உறவுப் பெண். அவளுக்கு அந்தக் காட்சி வேடிக்கையாய் இல்லை. அத்தகைய வாக்குவாதத்தைத் தன் வீட்டு வாசலில் நின்று கேட்டவள் அவள்.

படத்தின் குறை இவ்விடத்தில் தெரிகிறது. தந்தைக்கும் மகனுக்கும் இடையிலான பணக்கணக்கை ஆசிரியர் அணு அணுவாய் அறிந்திருக்கிறார்; எந்தச் சொல் எங்கே தைக்கும் என்று அவருக்குத் தெரியும். மத வேறுபாடு கடந்த மணத்தையோ அவர் வெளியிலிருந்து பார்க்கிறார். எனவே அது அவருக்குச் சிரிப்பாகவும் சிறு பூசலாகவும் மட்டும் தென்படுகிறது. பிள்ளைக்கு எந்தப் பெயர், எந்த வழிபாடு, பண்டிகை எவர் வீட்டில், கண்மூடினால் எந்த இடுகாடு என்னும் கேள்விகளின் கனம் கதைக்குள் இறங்கவில்லை.

கிறிஸ்தவப் பாத்திரத்தின் பெயரையே பாருங்கள். தமிழ்த் திரைக்குக் கிறிஸ்தவர் என்றால் பெர்னாண்டஸ் அல்லது மைக்கேல். ஆங்கிலம் கலந்த பேச்சு. நம்மோடு ஒட்டாத ஒரு நடை. போர்ச்சுக்கீசியப் பெயர்கள் கடற்கரை மக்களிடம் பதினாறாம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தவை. அவற்றுக்கும் ஒரு பெருமைமிகு வரலாறு உண்டு. ஆனால் கரிசல் நாட்டுக் கிறிஸ்தவன் சவரிமுத்து, சூசை, அருளானந்து. அவனுடைய சித்தப்பா மகன் முனியசாமி. ஒரே குலத்தில், ஒரே தெருவில், சில வேளை ஒரே முற்றத்தில் இரு சமயமும் வாழ்கின்றன. நமக்கு மதம் கடந்த மணம் என்பது அயலாரோடு செய்யும் சம்பந்தம் அன்று. பெரும்பாலும் அத்தை மகனோடும் மாமன் மகளோடும் ஏற்படும் சிக்கல். இந்த நெருக்கத்தைத் தமிழ்த் திரை போதிய அளவு கண்டதில்லை.

இதிலொரு வேடிக்கை உண்டு. ஆல்பர்ட் பெர்னாண்டஸாக நடித்த கிஷ்மு, விசுவின் உடன்பிறந்த தம்பி. திரையில் மதத்தால் எதிரெதிரே நின்ற சம்பந்திகள் இருவரும், ஒப்பனையைக் கலைத்தால், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆசிரியர் எண்ணிச் செய்தாரோ இல்லையோ, படத்தில் விடுபட்ட உண்மை நடிகர் தேர்வில் வெளிப்பட்டுவிட்டது.

நம் பக்கத்துக் கோடு

திரையைக் குறை கூறிவிட்டு நாம் நழுவிவிடலாகாது. அந்த உறவுப் பெண்ணின் வீட்டுக்குப் பலமுறை சென்றிருக்கிறேன். பூசை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா இருப்பார்; வைத்தவர் மாமியார். கார்த்திகை விளக்கு அணைந்து சில நாள்களில் அதே வாசலில் கிறிஸ்துமஸ் விண்மீன் தொங்கும். குழந்தைக்குத் தந்தை வீட்டார் ஒரு பெயர் வைக்க, தாய்வீட்டார் ஒரு பெயர் வைக்க, அது இரண்டுக்கும் திரும்பிப் பாராமல் ‘குட்டி’ என்றால் மட்டும் ஓடி வந்தது. இவையெல்லாம் அவ்வீட்டார் தாமே சொல்லிச் சொல்லிச் சிரிப்பவை. அச்சிரிப்பில் நஞ்சில்லை.

ஆனால் பங்கில் வேறொரு சிரிப்பு இருந்தது. அவள் கோவிலுக்கு வந்தால், ‘விபூதியா, சிலுவையா’ என்று யாரோ கேட்பார், சுற்றியிருப்போர் சிரிப்பர். சிரித்தவர்களில் நானும் ஒருவன். நாளடைவில் அவள் கடைசி வரிசைக்குப் போனாள், பிறகு கதவோரம், பிறகு வரவில்லை. நாங்கள் சுண்ணாம்பு எடுக்கவில்லை. சிரித்தே ஒரு கோடு கிழித்துவிட்டோம்.

திருச்சபைச் சட்டம் நாம் எண்ணுவதினும் பரிவுடையது என்பதைப் பின்னரே அறிந்தேன். 1983-இல் வெளியான சட்டத் தொகுப்பின்படி, திருமுழுக்குப் பெறாதவரை மணக்கும் கத்தோலிக்கர், அந்தத் தடையிலிருந்து ஆயரிடம் விலக்குப் பெற்றால் அம்மணம் செல்லத்தக்கது. கத்தோலிக்கர் தம் நம்பிக்கையைக் காத்துக்கொள்ளவும், பிள்ளைகளுக்குத் திருமுழுக்கு அளித்துக் கத்தோலிக்கராய் வளர்க்கத் தம்மால் இயன்றதைச் செய்யவும் வாக்களிக்க வேண்டும். அவ்வாக்குறுதியை மற்றவருக்கு அறிவிக்க வேண்டுமேயன்றி, அவர் மதம் மாற வேண்டும் என்பதில்லை. இதை எடுத்துச் சொல்ல ஒருவர் இல்லாமையால் எத்தனை பேர் பதிவு அலுவலகத்தோடு நின்று, பங்கை விட்டே விலகிப் போயிருக்கிறார்கள்! திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் வெளியிட்ட ‘அன்பின் மகிழ்ச்சி’ மடலில், இத்தகைய இல்லங்கள் சமய உரையாடல் அன்றாடம் நிகழும் சிறப்பிடங்கள் என்ற கருத்தை முன்வைத்தார். நாம் சிரித்த இடத்தில் அவர் திருச்சபையின் பணித்தளம் ஒன்றைக் கண்டார்.

மறவ நாட்டுத் திருச்சபைக்கு வீட்டுச் சிக்கல் புதியதும் அன்று. புனித அருளானந்தர் 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்தியதற்கு உடனடிக் காரணம் ஒரு குடும்ப வழக்கே. திருமுழுக்குப் பெற விரும்பிய தடியத்தேவர் ஒரு மனைவியை மட்டும் ஏற்று மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருவர் சேதுபதிக்கு உறவினர். அவரது முறையீடு புனிதரின் மரணத்துக்கு வழி திறந்தது. ஒருவனுக்கு ஒருத்தி என்னும் அறத்துக்காக உயிர் கொடுத்தவரை நாம் வணங்குகிறோம், வணங்க வேண்டும். அதே வேளை, ஒரே நாளில் வீட்டுக்கு வெளியே நின்ற அப்பெண்களின் நிலை என்னவாயிற்று என்று நம் நாடகங்களும் கீர்த்தனைகளும் போதிய அளவு கேட்டதில்லை. அறம் வென்ற கதையிலும் கோட்டுக்கு வெளியே நின்று அழுதவர் உண்டு. அவரை நினைப்பதால் புனிதரின் பெருமை குறையாது.

லாபானின் கற்குவியல்

திருவிவிலியத்தில் குடும்பச் சிரிப்பு இல்லையென்று எண்ணுபவர், தொடக்கநூலில் யாக்கோபின் கதையை நம் ஊர்க் கண்கொண்டு படிக்க வேண்டும். லாபான் யார்? இரெபேக்காவின் உடன்பிறந்தவன், யாக்கோபுக்குத் தாய்மாமன். இராகேல் அவனுக்கு உரிமையுள்ள மாமன் மகள். இன்றைய சட்டப்படியானால் யாக்கோபு ஆயர் இல்லத்தில் மனுக் கொடுத்து உறவுமுறை விலக்குப் பெற்றிருக்க வேண்டும். மாமன் ஏழாண்டு வேலை வாங்கிக்கொண்டு, முக்காட்டுக்குள் மூத்தவளை வைத்துக் கொடுத்துவிட்டான், மேலும் ஏழாண்டு. கூலியைப் பத்து முறை மாற்றினான் என்று மருமகன் முறையிடுகிறான். சிதம்பரத்தின் கணக்கு நோட்டு அங்கேயே தொடங்கிவிட்டது.

சொல்லாமல் குடும்பத்தோடு புறப்பட்டுவிடுகிறான் யாக்கோபு. இராகேலோ தந்தை வீட்டுக் குலதெய்வச் சிலைகளைத் திருடி எடுத்துவருகிறாள். துரத்தி வந்த லாபான் கூடாரம் கூடாரமாய்த் தேடுகிறான். அவள் ஒட்டகச் சேணத்துக்குள் அவற்றை மறைத்து மேலே அமர்ந்துகொண்டு, தனக்கு மாதவிலக்கு, எழுந்திருக்க இயலாது என்று தந்தையிடம் சொல்லிவிடுகிறாள். ஒரே இறைவனை வணங்கிய குலமுதல்வனின் கூடாரத்திலும் மருமகள் கொண்டுவந்த பிறந்தகத்துத் தெய்வங்கள் இருந்தன! திருநூல் அவளைச் சபித்து ஒதுக்கவில்லை. இஸ்ரயேலின் அன்னையருள் ஒருத்தியாகவே வைத்துக்கொண்டது. அச்சிலைகளை விலக்கும் காலம் பின்னர் வந்தது. அதுவரை கடவுள் அக்குடும்பத்தோடு நடந்தார்.

முடிவு என்ன? மாமனும் மருமகனும் கற்களைக் குவித்தனர். தீங்கு நினைத்து நீ இதைத் தாண்டி வராதே, நானும் வரமாட்டேன் என்று உடன்பட்டனர். அந்தக் குவியலருகே கூடி அமர்ந்து உண்டனர். விடியலில் லாபான் தன் பெண்மக்களையும் பேரப்பிள்ளைகளையும் முத்தமிட்டு, ஆசி கூறி, ஊர் திரும்பினான். இதுவும் கோடுதான். ஆனால் அம்மையப்பர் கிழித்தது சினத்தின் கோடு. அதன் மேல் யாரும் அமர்ந்து உண்ண முடியாது. லாபானின் கற்குவியல் ஒப்பந்தத்தின் கோடு. அங்கே விருந்து நடந்தது. உமா முடிவில் கேட்டதும் இந்த இரண்டாவது கோட்டைத்தான்.

துறவிக்கே கோடு கிழிக்க முடியவில்லை என்பதற்கு நம் திருச்சுழியே சான்று. அங்கே 1879-இல் பிறந்த ரமணர் 1896-இல் வீட்டை விட்டுத் திருவண்ணாமலை சென்றார். தாய் அழகம்மாள் பின்னர் அங்கேயே மகனிடம் வந்து சேர்ந்து, 1922-இல் அவர் அருகிலேயே உயிர் நீத்தார். துறந்தவனைத் தேடித் தாய் வந்தாள். துறந்தவன் தாயைத் துறக்கவில்லை. தொலைவு வேறு, துண்டிப்பு வேறு.

உமாவிடம் ஒரு கேள்வி

இத்தனை சொன்னபின்னும் படத்தின் முடிவு எனக்கு முழு நிறைவு தரவில்லை. கணவனைத் திருத்தியவள் உமா. மாமனாரின் மானத்தைக் காத்தவள் உமா. இறுதியில் குடும்பத்துக்கு வழி சொன்னவளும் உமா. ஆண்கள் இழுத்த கோட்டை அழிக்கும் வேலை முழுவதும் பெண் தலையில் விழுகிறது. கைகொடுப்பவளும் வேலைக்காரப் பெண் கண்ணம்மாவே. லட்சுமியின் நடிப்பு அந்தச் சுமையைச் சுமையென்று தெரியாமல் சுமந்துவிடுகிறது. பார்ப்பவரும் கைதட்டிவிட்டுப் போகிறோம். குழந்தை பெற்று வந்த ஒரு பெண்ணுக்கு ஓய்வு வேண்டாமா என்று கேட்க அவ்வீட்டில் ஒருவரும் இல்லை. படம் கேட்காத இந்தக் கேள்வியை நாம் நம் வீடுகளில் கேட்க வேண்டும். இல்லத் திருச்சபை என்று குடும்பத்தை அழைக்கிறோம்; அத்திருச்சபையில் சமரசப் பணி பெண்களுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட பணியா?

2015-இல் பிலடெல்பியா நகரில் நடந்த உலகக் குடும்பங்கள் மாநாட்டில் திருத்தந்தை பிரான்சிஸ் எழுதிவைத்த உரையை ஒதுக்கிவிட்டுப் பேசினார். குடும்பத்தில் சண்டை வரும், சில வேளை தட்டுகள் பறக்கும், பிள்ளைகளால் தலைவலி வரும் என்று சொல்லி, மாமியாரைப் பற்றி நான் பேசப்போவதில்லை என்று முடித்தபோது அரங்கம் சிரித்தது. அச்சிரிப்பில் யாரும் வெளியே நிற்கவில்லை. மாமியார்களும் சேர்ந்தே சிரித்திருப்பார்கள். தன்னையும் உள்ளே வைத்துச் சிரிப்பவனின் நகைச்சுவைக்கும், கோட்டுக்கு அப்பால் நிற்பவரைச் சுட்டிச் சிரிப்பவனின் நகைச்சுவைக்கும் உள்ள வேறுபாடு அது. ‘சம்சாரம் அது மின்சாரம்’ பணத்தைப் பற்றிச் சிரிக்கும்போது முதல் வகையைச் சேர்ந்தது; அதனால்தான் ஏறத்தாழ நாற்பதாண்டு கழித்தும் வாழ்கிறது. மதத்தைப் பற்றிச் சிரிக்கும்போது சில இடங்களில் இரண்டாம் வகைக்கு நழுவுகிறது. நம் பங்குகளின் சிரிப்பையும் இதே அளவுகோலால் அளந்து பார்த்தால், நாம் விசுவைக் குறை கூறும் தகுதியுடையவரா என்பது விளங்கிவிடும்.

அன்று படம் முடிந்ததும் அந்தப் பெண் எழுந்து அடுப்படிக்குப் போனாள். நானும் பின்னே சென்றேன். என்ன சொல்வதென்று தெரியாமல், ‘வர்ற ஞாயிறு பூசைக்கு வாம்மா’ என்றேன். அவள் காப்பியை ஆற்றிக்கொண்டே, ‘எந்த வரிசையில உக்காரணும் சித்தப்பா?’ என்றாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ‘எங்க வரிசையில’ என்றேன். அடுத்த ஞாயிறு அவள் வந்தாள், கணவனையும் அழைத்துவந்தாள், குட்டியும் வந்தது. நடுவரிசையில் நாங்கள் நகர்ந்து இடம் விட்டோம். பலிபீடத்துக்குப் போகும் வழியில் அந்தக் குழந்தை மூன்று முறை ஓடியது. மூன்று முறையும் அதைத் தூக்கிவந்தவர், முன்னொரு நாள் ‘விபூதியா, சிலுவையா’ என்று கேட்ட அதே பெரியவர்.